ஒன் மெரிடியன் பிளாசா தீ விபத்தும் நிலைக்குழாய் அழுத்தச் சோதனையும்

1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்தது. 18 மணி நேரத்திற்கும் மேலாக எரிந்த அந்தத் தீ எட்டுத் தளங்களை அழித்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். 24 பேர் காயமடைந்தனர். மாடிப்படிகளை ஒட்டி ஒவ்வொரு தளத்திலும் தீயணைப்புக் குழாயின் திறப்பு வாய் இருந்தது. அதில் தண்ணீரும் வந்தது. ஆனால் தீயை எட்டும் வேகத்தில் அது வரவில்லை. திறப்பு வாய்களில் பொருத்தியிருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறான அளவில் வைக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் தெரியவந்தது. உயர்ந்த கட்டடங்களின் நிலைக்குழாய்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்னும் விதிகள் திருத்தப்படுவதற்கு இந்த விபத்து முக்கியக் காரணமாயிற்று.

நிலைக்குழாய் என்றால் என்ன?

தீயணைப்பு வண்டியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் ஓரளவு உயரம் வரைதான் எட்டும். ஏணிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேலுள்ள தளங்களில் தீப்பிடித்தால் வீரர்கள் படியேறிச் சென்று உள்ளிருந்துதான் அணைக்க வேண்டும். தரையிலிருந்து ஒவ்வொரு முறையும் குழலை இழுத்துச் செல்வது நேரத்தை விழுங்கும் வேலை. ஆகவே கட்டடத்தைக் கட்டும்போதே கீழிருந்து மேல்வரை செங்குத்தாக ஒரு குழாய் பதிக்கப்படுகிறது. இதுவே நிலைக்குழாய். இந்தியாவில் பொறியாளர்கள் இதனை ‘ரைசர்’ என்று சொல்வது வழக்கம்.

ஒவ்வொரு தளத்திலும் இக்குழாயில் வால்வுடன் கூடிய திறப்பு வாய் ஒன்று இருக்கும். வீரர்கள் தங்கள் குழலைச் சுருட்டி எடுத்து வந்து அதில் பொருத்திக்கொள்வார்கள். எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் குழாய் ஈரக்குழாய். வெறுமையாக இருந்து, தேவைப்படும்போது வண்டியிலிருந்து தண்ணீர் ஏற்றப்படுவது உலர்குழாய். கட்டடத்தின் பம்பு இயங்காவிட்டாலும் வெளியிலிருந்து தண்ணீர் செலுத்தத் தெருவோரத்தில் ஓர் இணைப்பு வாய் வைக்கப்படும்.

அமெரிக்காவில் இதற்கான தரவிதியைத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடுகிறது. 1896இல் தொடங்கப்பட்ட தனியார் அமைப்பு இது. இதன் விதிகளை நகரங்களும் மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும்போது அவை சட்டமாகின்றன. நிலைக்குழாய் பற்றிய 14ஆம் எண் தரவிதியின் தொடக்கம் 1912ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ளது. 1915இல் அது முறையாக ஏற்கப்பட்டது.

உயரமும் அழுத்தமும்

தண்ணீரை 10 மீட்டர் உயர்த்த, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தேவை. அமெரிக்க அளவில் இது சதுர அங்குலத்திற்குச் சுமார் 14 பவுண்டு. இக்கட்டுரையில் இனி வரும் பவுண்டு அளவுகள் யாவும் சதுர அங்குலத்திற்கு உரியவை.

ஒன் மெரிடியன் பிளாசாவின் உயரம் ஏறத்தாழ 150 மீட்டர். இத்தகைய உயரத்தில் உச்சித் தளத்தில் 65 பவுண்டு கிடைக்க வேண்டுமானால், ஒரே பம்பு கொண்டு தரைமட்டத்திலிருந்து செலுத்தும்போது அடியில் 280 பவுண்டுக்கு அருகில் அழுத்தம் இருக்க வேண்டும். கீழ்த்தளம் ஒன்றில் அந்த அழுத்தத்துடன் குழலைப் பொருத்தினால் வீரர்களால் அதைக் கையில் பிடித்து நிறுத்த முடியாது. குழல் வெடிக்கவும் கூடும். இதைத் தவிர்க்கவே கீழ்த்தள வாய்களில் அழுத்தக் குறைப்பு வால்வு வைக்கப்படுகிறது. உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும், வகுத்து வைத்த அளவை மட்டுமே அது வெளியே விடும்.

இந்த வால்வின் பயன் அதை வைத்திருக்கும் அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு தளத்திலும் உள்ளழுத்தம் வேறு என்பதால் ஒவ்வொரு தளத்து வால்வையும் தனித்தனியே கணக்கிட்டு வைக்க வேண்டும். அளவைக் கூட்டி வைத்தால் குழலைப் பிடிப்பவருக்கு ஆபத்து. குறைத்து வைத்தால் தண்ணீர் தீயை எட்டாது. தவறாக வைத்திருப்பதைக் கீழே நிற்கும் வண்டியாலும் சரிசெய்ய இயலாது. பம்பின் வேகத்தைக் கூட்டினாலும் வால்வு தன் அளவுக்கு மேல் விடாது.

தேங்கிய அழுத்தமும் ஓடும் அழுத்தமும்

நிலைக்குழாய்ச் சோதனையைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் எல்லாத் திருகுகளும் மூடியிருக்கும்போது அழுத்தம் முழுமையாக இருக்கும். ஒரே நேரத்தில் மூன்று திருகுகளைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் மெலிந்துவிடும். தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. ஓடும் தண்ணீர் குழாயின் சுவரோடும் வளைவுகளோடும் உராய்வதால் அழுத்தம் செலவாகிறது.

தண்ணீர் நிற்கும்போது மானி காட்டுவது தேங்கிய அழுத்தம். தேவையான அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சி நிற்பது ஓடும் அழுத்தம். தீயை அணைக்க உதவுவது பின்னதே. வால்வைத் திறக்காமல் மானியை மட்டும் பார்த்து எழுதிய குறிப்பு, குழாய் நிறைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். அழுத்தக் குறைப்பு வால்வு சரியாக வேலை செய்கிறதா என்பது தண்ணீர் ஓடினால் மட்டுமே தெரியும்.

தீயின் தொடக்கம்

ஒன் மெரிடியன் பிளாசா பிலடெல்பியா நகர மண்டபத்தின் எதிரே 1970களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம். அக்காலத்து நகர விதிகள் கட்டடம் முழுவதற்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான்களைக் கட்டாயமாக்கவில்லை. பிற்காலத்தில் சில தளங்களில் மட்டும் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டன. 30, 31, 34, 35 ஆகிய தளங்கள் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. தீ தொடங்கிய 22ஆம் தளத்தில் தெளிப்பான் இல்லை.

அந்தத் தளத்தில் மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பிக்கும் பணி நடந்து வந்தது. மெருகேற்றப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் வேலை முடிந்தபின் அங்கேயே கிடந்தன. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளியிடும். துணிகள் குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்புப் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இதுவே தீயின் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

இரவு 8.23 மணியளவில் எச்சரிக்கை மணி ஒலித்தது. அப்போது கட்டடத்தில் இருந்தவர்கள் மூவர் மட்டுமே: ஒரு பொறியாளர், இரு காவலாளிகள். என்னவென்று பார்க்க மின்தூக்கியில் சென்ற பொறியாளர், 22ஆம் தளத்தில் கதவு திறந்ததும் வெப்பத்திலும் புகையிலும் சிக்கினார். வானொலிக் கருவி மூலம் அவர் உதவி கேட்க, கீழிருந்த காவலாளி மின்தூக்கியை இயக்கி அவரை இறக்கினார். இதற்கிடையே தெருவில் சென்ற ஒருவர் பொதுத் தொலைபேசியிலிருந்து தகவல் சொன்ன பிறகே தீயணைப்புத் துறைக்குச் செய்தி எட்டியது. மூவரும் உயிர் தப்பினர்.

எட்டாத தண்ணீர்

வீரர்கள் வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் கட்டடத்தின் மின்சாரம் முழுவதும் அறுந்தது. முதன்மை இணைப்பும் மாற்று இணைப்பும் ஒரே செங்குத்து வழியில் சென்றிருந்ததால் தீ இரண்டையும் ஒருசேரத் தாக்கியது. அவசரகால ஜெனரேட்டரும் இயங்கவில்லை. மின்தூக்கிகள் நின்றன, விளக்குகள் அணைந்தன. கருவிகளைத் தோளில் சுமந்து இருட்டில் இருபது மாடிகளுக்கு மேல் ஏற வேண்டியதாயிற்று.

ஏறிச் சென்றவர்கள் நிலைக்குழாய் வாயில் குழலைப் பொருத்தித் திறந்தனர். கிடைத்த அழுத்தம் 60 பவுண்டுக்கும் குறைவு. பிலடெல்பியா வீரர்கள் அன்று பயன்படுத்திய நாசில்கள் 100 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்ய வடிவமைக்கப்பட்டவை. அதனால் தாரை தீயின் அருகே சென்று சேரும் வலுவைப் பெறவில்லை. சன்னல் கண்ணாடிகள் உடைந்து, வெளிப்புறமாகவே தீ நாக்குகள் அடுத்த தளத்தைத் தொட்டன.

இரு வகையில் மாற்று வழி தேடப்பட்டது. முதலாவது, 5 அங்குல அகலமுள்ள பெரிய குழல்களைத் தரையிலிருந்தே படிக்கட்டு வழியாக 22ஆம் தளம் வரை இழுத்துச் செல்வது. நிலைக்குழாய் எந்த உழைப்பைத் தவிர்க்கக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அதே உழைப்பை மனிதர்கள் கையால் செய்ய நேர்ந்தது. இப்படி மூன்று குழல்கள் ஏற்றப்பட்டன. இரண்டாவது, வால்வுகளைத் திருத்துவது. அதற்குரிய கருவியும் பயிற்சியும் உடைய ஒப்பந்ததாரர் ஒருவர் தீ தொடங்கிப் பல மணி நேரம் கழித்து வந்து திருத்திய பிறகே அழுத்தம் கூடியது. அதற்குள் தீ பல தளங்களுக்குப் பரவிவிட்டது.

மூவர் மரணம்

படிக்கட்டில் சூழ்ந்த புகையை வெளியேற்ற வழி செய்யுமாறு ஒரு கேப்டனும் இரு வீரர்களும் மேல் தளங்களுக்கு அனுப்பப்பட்டனர். கடும் புகையில் அவர்கள் திசை தவறினர். சன்னலை உடைக்க அனுமதி கேட்டுக் கேப்டன் வானொலியில் பேசினார். சற்று நேரத்தில் அவர் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. தாங்கள் 30ஆம் தளத்தில் இருப்பதாக அவர்கள் கூறியதால் தேடுதல் அங்கேயும் அதற்கு மேலும் நடந்தது. தேடச் சென்ற எட்டுப் பேர் குழுவும் காற்றுக்கலன் தீர்ந்து 38ஆம் தளத்தில் சிக்கிக்கொண்டது. கூரையில் ஹெலிகாப்டர் மூலம் இறங்கிய குழுவினர் அவர்களை மீட்டனர். ஹெலிகாப்டரின் விளக்கொளியில் 28ஆம் தளத்தில் உடைந்த சன்னல் ஒன்று தென்பட்டது. அங்கே மூவரும் மயங்கிக் கிடந்தனர். அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

காலை 7 மணிக்கு, கட்டடம் சரிந்துவிடலாம் என்ற அச்சத்தால் உள்ளே இருந்த அனைவரும் வெளியே அழைக்கப்பட்டனர். எஃகு உத்தரங்கள் சில இடங்களில் 3 அடி வரை தொய்ந்திருந்தன. அதன் பிறகு தீயை நிறுத்தியது 30ஆம் தளம். அங்கே தெளிப்பான்கள் இருந்தன. தீ உள்ளே நுழைய முயன்ற இடங்களில் பத்துத் தெளிப்பான்கள் தாமாகத் திறந்து நீரைத் தெளித்தன. பிப்ரவரி 24 பிற்பகல் 3 மணியளவில் தீ கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்ட வீரர்களால் நிறுத்த முடியாத தீ அது.

விசாரணையும் விதித் திருத்தமும்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் இந்த விபத்தை விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வால்வுகளின் தவறான அளவு அதில் முக்கியமாகச் சுட்டப்பட்டது. மற்றொரு முரண்பாடும் வெளிப்பட்டது. அன்றைய தரவிதி உச்சி வாயில் 65 பவுண்டு இருந்தால் போதும் என்றது. அந்த எண் வேறு வகை நாசில்கள் வழக்கில் இருந்த காலத்தது. தீயணைப்புத் துறைகள் 100 பவுண்டு வேண்டிய நாசில்களுக்கு மாறிய பிறகும் கட்டட விதி பழைய எண்ணிலேயே நின்றது. எனவே வால்வுகள் விதிப்படியே வைக்கப்பட்டிருந்தாலும் வீரர்களின் கருவிக்கு ஏற்ற அழுத்தம் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

14ஆம் எண் தரவிதி 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் பெரிதும் திருத்தப்பட்டது. இரண்டரை அங்குல வாயில், தண்ணீர் ஓடும் நிலையில், குறைந்தது 100 பவுண்டு இருக்க வேண்டும் என்று அது மாற்றியது. இதற்குச் சற்று முன், 1992இல், நீர்வழித் தீப்பாதுகாப்பு அமைப்புகளின் ஆய்வு, சோதனை, பராமரிப்பு ஆகியவற்றுக்கென்றே 25ஆம் எண் தரவிதியின் முதல் பதிப்பு வெளிவந்திருந்தது. கட்டி முடித்த நாளில் சரியாக இருந்தால் போதாது, ஆண்டுதோறும் சரியாக இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

சோதனை முறைகள்

இன்று நிலைக்குழாய்க்குச் செய்யப்படும் சோதனைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது நீரழுத்தச் சோதனை. குழாயைத் தண்ணீரால் நிரப்பி, காற்றை முழுவதும் வெளியேற்றி, குறைந்தது 200 பவுண்டு அழுத்தத்தில் 2 மணி நேரம் வைத்திருப்பார்கள். குழாயின் இயல்பான அழுத்தம் 150 பவுண்டுக்கு மேல் இருந்தால், அதைவிட 50 பவுண்டு கூட்டி வைக்க வேண்டும். இது குழாயின் வலிமையையும் இணைப்புகளின் கசிவையும் காட்டும். புதிய குழாய்களுக்கும், வெறுமையாகவே கிடக்கும் உலர்குழாய்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இது செய்யப்படுகிறது.

இரண்டாவது ஓட்டச் சோதனை. தண்ணீர் சென்று சேர மிகக் கடினமான வாயைத் தேர்ந்தெடுத்து, அங்கே தேவையான அளவைப் பாயவிட்டு, ஓடும் அழுத்தத்தை அளப்பார்கள். அமெரிக்க விதிப்படி முதல் நிலைக்குழாய்க்கு நிமிடத்திற்கு 500 கேலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் பாய வேண்டும். தானாக நீர் வழங்கும் அமைப்புகளில் இதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

மூன்றாவது வால்வுச் சோதனை. ஒவ்வோர் அழுத்தக் குறைப்பு வால்வையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு ஓட்டத்தில் திறந்து, உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, பழைய குறிப்போடு ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிறிதளவு திறந்து பார்ப்பதும் உண்டு.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உள்ளது. இருபதாவது மாடியில் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது எங்கே போகும்? படிக்கட்டில் விட்டால் கட்டடமே பாழாகும். வடிகால் இல்லாத கட்டடத்தில் ஓட்டச் சோதனை தள்ளிப்போவது இயல்பு. அதனால்தான் இப்போதைய விதிகள், அழுத்தக் குறைப்பு வால்வு உள்ள நிலைக்குழாயின் அருகிலேயே சோதனை நீர் இறங்க 3 அங்குல வடிகுழாய் ஒன்றையும் பதிக்கச் சொல்கின்றன.

நியூயார்க், 2007

பிலடெல்பியாவில் குறை வால்வில் இருந்தது. குழாயே துண்டாகிக் கிடந்து, அது யாருக்கும் தெரியாமல் போனால் என்ன நேரும் என்பதை 2007 ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க் கண்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் சேதமடைந்த டாய்ச்சே வங்கிக் கட்டடம் அப்போது மாடி மாடியாகப் பிரிக்கப்பட்டு வந்தது. 17ஆம் தளத்தில் தீப்பிடித்தது. தெருவிலிருந்து தண்ணீர் செலுத்தப்பட்டும் மேலே ஒரு சொட்டும் வரவில்லை. அடித்தளத்தில் நிலைக்குழாயின் 40 அடிக்கும் மேற்பட்ட நீளம் முன்பே அறுத்து அகற்றப்பட்டிருந்தது. வீரர்கள் கட்டடத்தின் வெளிப்புறமாகக் கயிற்றில் குழல்களை ஏற்ற வேண்டியிருந்தது. தீயின்மீது தண்ணீர் பட ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. இரு வீரர்கள் புகையில் மூச்சடைத்து இறந்தனர். 15 நாட்களுக்கு ஒருமுறை நடந்திருக்க வேண்டிய தீயணைப்புத் துறை ஆய்வு அந்தக் கட்டடத்தில் நடக்கவில்லை என்பதும் வெளிவந்தது.

இதன் பின் நியூயார்க் நகரம் புதிய சட்டங்களை இயற்றியது. கட்டுமானம் அல்லது இடிப்பு நடக்கும் கட்டடங்களில் நிலைக்குழாய்க்குச் சிவப்பு வண்ணம் பூச வேண்டும். வேறு குழாய் என்று எண்ணி எவரும் அறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். உலர்குழாய்க்குள் அழுத்திய காற்றை அடைத்து, எச்சரிக்கைக் கருவி ஒன்றை இணைக்க வேண்டும். எங்காவது வெட்டு விழுந்தாலோ, வால்வு திறந்து கிடந்தாலோ காற்றழுத்தம் இறங்கும். உடனே மணி ஒலிக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனை, இடிபடும் கட்டடத்தில் இடைவிடாத சோதனையாக மாறியது.

கட்டடத்தின் முடிவு

தீக்குப் பிறகு ஒன் மெரிடியன் பிளாசா மீண்டும் திறக்கப்படவே இல்லை. காப்பீடு தொடர்பான வழக்குகளால் கருகிய நிலையில் பல ஆண்டுகள் நகரின் நடுவே நின்ற அது, 1999இல் முற்றிலும் அகற்றப்பட்டது. விபத்து நடந்த அதே 1991ஆம் ஆண்டில், ஏற்கெனவே உள்ள உயர்ந்த கட்டடங்களிலும் தெளிப்பான்கள் பொருத்த வேண்டும் என்று பிலடெல்பியா நகரம் சட்டம் இயற்றியது.

தீயணைப்புப் பொறியியல் கற்பிக்கப்படும் இடங்களில் இவ்விரு விபத்துகளும் இன்றும் பாடமாக உள்ளன. நீரழுத்தச் சோதனை மட்டும் செய்திருந்தால் பிலடெல்பியாவின் குறை தெரிந்திருக்காது. அங்கே குழாய் உறுதியாகவே இருந்தது. நியூயார்க்கின் குறை தெரிய அந்த ஒரு சோதனையே போதும், அது செய்யப்படவில்லை. குழாய் தாங்குமா என்பது ஒரு கேள்வி, தண்ணீர் வேண்டிய அளவு வருமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியே விடை காண வேண்டும் என்பதால்தான் விதிகள் இருவகைச் சோதனைகளையும் கட்டாயமாக்கியுள்ளன.